முதலில் இறங்கும் உப்பு

முதலில் கரையை எடுத்தார்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஒருவருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த களர்நிலத்தை அளந்து, கல் நட்டு, உப்பளக் குத்தகை என்று பெயர் வைத்து எடுத்தார்கள். இரண்டாவதாகப் பாதையை எடுத்தார்கள். நிலமே குத்தகைக்குப் போன பிறகு அதன்மேல் கிடக்கும் பாதை மட்டும் எப்படிப் பொதுவாக இருக்கும் என்று கேட்டார்கள். மூன்றாவதாக அந்தப் பாதையின் வாயில் இரும்பு கேட் போட்டு, மாலை ஆறு மணிக்குப் பூட்டு, காலை எட்டு மணிக்குத் திறப்பு என்று எழுதி மாட்டினார்கள். நான்காவதாக, கேட்டுக்கு உள்ளே இருப்பவை வீடுகளே அல்ல, வேலை செய்ய வந்தவர்கள் தங்கும் கொட்டகைகள் என்று சொல்லிக் கதவு எண் தர மறுத்தார்கள். எண் இல்லாததால் ரேஷன் கார்டு இல்லை, கார்டு இல்லாததால் ஓட்டு இல்லை. ஐந்தாவதாக, சாலையில் படுத்தும் தடியடி வாங்கியும் ஓடைக்கரை காலனிக்காரர்கள் எண்ணும் ஓட்டும் பெற்ற பிறகு, அந்த ஓட்டுகளை வைக்கோல் கட்டு மாதிரி ஒரே கட்டாகக் கட்டி, குத்தகை முதலாளியின் லாரியில் ஏற்றி, அவர் காட்டும் சின்னத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆறாவதாகத்தான் பூவம்மாவின் மகள் சந்தனமாரிக்கு அரசு ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளியில் கிடைத்த இடம் போனது. காலை ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றார்கள். கேட் எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

இந்த வரிசையை மாற்றிச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு அநியாயமும் அதற்கு முந்தியதன் தோளில் ஏறித்தான் நின்றது. கடைசியில் நிற்பதை மட்டும் பார்த்துப் பரிதாபப்பட்டு, பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனவர்களைக் காலனி நிறையவே பார்த்திருக்கிறது.

சந்தனமாரிக்கு முதல் ஓட்டு வந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல் சித்திரை வெயிலில் வந்தது. உப்பு நன்றாக விளையும் காலம் அது. அளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வரிசை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயிலுக்குக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக இறங்கிவிடாது. முதலில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைத் தூள் இறங்கும், அதன் பிறகே உப்பு இறங்கும், எவ்வளவு வெயில் அடித்தாலும் இறங்கமாட்டேன் என்று மேலே நிற்பது கசப்புத் தண்ணீர். அதை வடித்து ஓடையில் விடுவார்கள். எது முதலில் இறங்கும், எது இறங்கவே இறங்காது என்பது தண்ணீருக்கு உள்ளேயே தீர்மானமாகி இருக்கிறது. மேலே நின்று பார்ப்பவனுக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் தெரியும்.

காலனியில் கூட்டம் போட மைதானம் கிடையாது. கட்சிக்காரர்கள் வரப்போரத்தில் மேடை போட்டார்கள். ஒலிபெருக்கிக் குழாயைக் கட்ட உயரமான கம்பம் பாத்திகளின் ஓரத்தில்தான் இருந்தது. மேளக் கட்சி வேட்பாளர் பேசியபோது குழாய் முதல் பாத்தியைப் பார்த்து இருந்தது. கிணற்றுக் கட்சி பேசியபோது இரண்டாவது பாத்தி. விசிறிக் கட்சிக்கு மூன்றாவது. பேச்சு தண்ணீரில் விழுந்தது, தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது, வெயில் தன் வேலையைச் செய்தது. சில நாட்களில் முதல் பாத்தியின் அடியில் ஒரு தோரண வளைவு இறங்கியிருந்தது. விரல் உயரம், முழுக்க உப்பு, மேலே சீரியல் பல்புகூட வரிசையாக இருந்தது.

அளத்துப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுச் சற்று ஒதுங்கி நின்று வேலையைத் தொடர்ந்தார்கள். உப்பு எதையும் செய்யும் என்பது அவர்கள் அறிந்ததுதான். பாதத்தைப் பிளக்கும், கண்ணை அவிக்கும், இறந்தவர்களின் உள்ளங்காலைச் சிதையில் வேகவிடாமல் அடம்பிடிக்கும். வளைவு கட்டுவது அதற்கு ஒரு பெரிய காரியமா.

வளைவுக்கு மேல் துறைமுகச் சுவர் ஒன்று இறங்கியது, அதற்கு மேல் காலனியைத் தொடாமல் சுற்றிப்போகும் நான்குவழிச் சாலை, அதற்கும் மேல் கடைசியாக ஒரு பள்ளிக்கூடத்தின் பாதிக் கூரை. பெண்கள் முன்னேற்றம் என்று மேளக் கட்சி வேட்பாளர் மேடையில் முதலில் சொன்னதும், கேட்டை எடுப்போம் என்று நடுவில் சொன்னதும் இறங்கவே இல்லை. தண்ணீரை வடிக்கும்போது அவை கசப்போடு கசப்பாக ஓடையில் போயின. இரண்டாவது பாத்தியில் குடிதண்ணீர்த் தொட்டியும் அதிலிருந்து வீட்டுக்கு வீடு போகும் குழாயும் முதலில் இறங்கின. அதற்கு மேல் கட்டில் போட்ட ஆஸ்பத்திரி, அதற்கு மேல் அந்தக் கட்சித் தலைவரின் சிலை. பார்த்தவர்கள் மனம் இளகிப் போனார்கள். ஆனால் கேட் என்ற பேச்சே அந்தப் பாத்தியில் இல்லை, வடித்த கசப்புத் தண்ணீரிலும் இல்லை. அந்த வேட்பாளர் காலனிக்கு வந்தது பகலில், கேட் திறந்திருந்தது, அது அவர் கண்ணில் படவே இல்லை.

ஊர் இதை எப்படி விழுங்கியது என்பதுதான் சொல்லவேண்டியது. உப்பு வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டு, உருவம் உள்ள உப்பு மூட்டையில் சரியாக அடங்காது, அதனால் விலை குறைவு என்றார்கள். சோதனைச் சாலையிலிருந்து ஒருவர் வந்து தலைவரின் சிலையில் காதை மட்டும் உடைத்துக்கொண்டு போய், முதல் தர உப்பு, அயல்பொருள் கலப்பு இல்லை என்று சீட்டு அனுப்பினார். நான்குவழிச் சாலையை உடைத்து ரசத்தில் போட்ட பெண்கள், சுவையில் ஒரு வித்தியாசமும் இல்லை என்றும், கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்கள். மேளக் கட்சியின் வட்டச் செயலாளர் அந்தத் தோரண வளைவைப் பஞ்சில் பொதிந்து வாங்கிப்போய், மாவட்ட அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே மாலையும் போட்டார். அதில் கட்சிக்கு ஏதோ பெருமை இருப்பதாக அவர் கடைசிவரை நம்பினார்.

முதல் ஓட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இது வேறு மாதிரி வேலைக்கு வந்தது. சந்தனமாரியும், அவளோடு பள்ளியில் படித்த பிரைட்டனும், ஜெனிபாவும், இன்னும் சிலரும் காலையில் வரப்பில் குந்தி, அடியிலிருந்து மேலே எது எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தார்கள். அவர்களுடைய அப்பன்மார் கட்சிகளைத் தலைவரின் முகத்தை வைத்தும், கொடியின் நிறத்தை வைத்தும், பாட்டை வைத்தும் பிரித்தவர்கள். எல்லாக் கட்சியும் எல்லாவற்றையும் செய்வதாகத்தான் சொல்லும், அதனால் சொன்னதை ஒப்பிட்டுப் பிரயோசனம் இல்லை, எதை எதற்கு முன்னே வைக்கிறான் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பாத்தியில் கண்ணால் தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தைத் துண்டறிக்கையில் அச்சடித்து எத்தனையோ தேர்தலுக்குக் கொடுத்தாயிற்று. வடை மடிக்கத்தான் பயன்பட்டது. உப்பில் எழுதினால் படிக்கிறார்கள்.

மூன்றாவது பாத்திக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். விசிறிக் கட்சி வேட்பாளர் பேச்சில் கேட்டைப் பற்றி உரக்கவே சொல்லியிருந்தார். அங்கேதான் காலனிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று நடந்தது.

உப்பு இறங்கும் பாத்தியை விடிந்ததும் பலகையால் கிளறி விடவேண்டும். கிளறாவிட்டால் மணி மணியாக நிற்காமல் ஒரே பாளமாகக் கட்டிப்போகும். பூவம்மா அந்தக் காரியத்தைச் சிறுமியாக இருந்தபோதிலிருந்து செய்கிறவள். கண்ணில் பாதி ஒளி போய்விட்டது. கைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அன்று விடியலில் அவள் எழுந்தாள், பலகையை எடுத்தாள், மூன்றாவது பாத்தியில் இறங்கினாள், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேர்த்தியாகக் கிளறிவிட்டு, நிமிர்ந்து, அதற்குப் பிறகுதான் என்ன செய்தோம் என்று உணர்ந்தாள்.

சந்தனமாரி ஓடிவந்தபோது அம்மா பலகையைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"கை தானா போயிட்டுட்டி," என்றாள் பூவம்மா. "நான் போகல. கை போயிட்டு."

பாத்தி முழுக்க உப்புத் துண்டுகள். ஒரு நாற்காலியின் கால், ஒரு பேருந்தின் சக்கரம், யாரோ ஒருவரின் மீசை. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பாதை, இருபுறமும் கல் வைத்தது, கேட் இல்லாதது. அது அடியில் இருந்து மேலே வந்ததா, மேலே இருந்து அடியில் போனதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

காலனி இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. விசிறிக்காரர்கள் பாதைதான் முதலில் இறங்கியது என்றார்கள். மற்றவர்கள் மீசைதான் முதலில் என்றார்கள். கண்காணி உச்சிமாகாளி, முதலாளியின் ஆள், இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, உப்பை எண்ணினது போதும், லாரி எப்போதும்போல வரும், எப்போதும்போல மேளத்துக்குப் போடுங்கள், மழைக்காலம் முடிந்ததும் வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சந்தனமாரி டவுனுக்குப் போய் விசிறிக் கட்சி அலுவலகத்தில் நின்றாள். வேட்பாளர் இன்னொரு முறை வந்து பேச வேண்டும், பழைய பேச்சு கலைந்துவிட்டது என்றாள். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், ஒரு பகுதிக்கு ஒரு கூட்டம்தான் என்றார்கள், வேண்டுமானால் பேச்சின் பதிவை அனுப்புகிறோம் என்றார்கள். அவள் அதை வாங்கிவந்து செல்போனில் வைத்து ஒரு பாத்தியில் ஓடவிட்டாள். ஒன்றும் இறங்கவில்லை. ஆள் இல்லாத குரலைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளவில்லை.

வரும் வழியில் அவள் நர்சிங் பள்ளியிலும் ஏறியிருந்தாள். இந்த வருஷமும் உனக்கு இடம் இருக்கிறது, ஆனி மாதம் வகுப்பு, ஆறு மணிக்கு வர முடியுமா என்று அங்கே இருந்த அலுவலக அம்மா கேட்டார். சந்தனமாரி வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பதிலை யார் கையிலோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது என்று பிரைட்டனிடம் சொன்னாள்.

"அவன் வந்து பேசுனாத்தான் இறங்குமா?" என்றான் பிரைட்டன். "நாம பேசுனா இறங்காதா?"

மைக் செட்காரர் கேட் பூட்டிவிடுவார்களே என்று குழாயையும் பெட்டியையும் காலனியிலேயே விட்டுப் போயிருந்தார். அன்று மாலை அதை எடுத்துக் கடைசிப் பாத்தியைப் பார்த்துக் கட்டினார்கள். அந்தப் பாத்திக்கு அப்பால் ஓடை; ஓடைக்கு அப்பால் கேட்டுக்கு வெளியே உள்ள தார்ச்சாலை. பாலம் இல்லாததால்தான் கேட்டுக்கு இத்தனை திமிர்.

காலனி வரிசையில் நின்று பேசியது. ஒருவர் தண்ணீர் லாரி வேண்டும் என்றார், தினமும். ஒருத்தி ஆம்புலன்ஸ் என்றாள். ஒருவர் மாட்டுக்கு டாக்டர் கேட்டார், அவரிடம் மாடு இல்லை, வாங்குவதாக எண்ணம் என்றார். ஜெனிபா துறைமுகத்தில் தன் தம்பிக்கு வேலை என்றாள். கழிப்பறை என்றார்கள், உப்பில் கண்கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி என்றார்கள், மகளைப் பெண்பார்க்க வருகிறவர்கள் கேட்டைப் பார்த்துத் திரும்பிப் போகாமல் இருக்க வேண்டும் என்றார்கள், இரண்டு பேர் மைக்கிலேயே பழைய சண்டையைத் தொடர்ந்தார்கள். சந்தனமாரி ஒவ்வொன்றாக விரல் மடக்கி எண்ணினாள். இவ்வளவு பேர் இவ்வளவு கேட்டால் எது முதலில் இறங்கும், எல்லாமே கசப்பாக ஓடிவிடாதா என்று நினைத்தாள். கடைசியாகப் பூவம்மா மைக்கைக் கையில் வாங்கினாள். கண்ணைப் பற்றிக் கேட்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"என் மக காலையில ஆறு மணிக்கு வார்டுல நிக்கணும்," என்றாள். "வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அதோடு கூட்டம் முடிந்தது. மைக்கை அணைத்தார்கள். பலகைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டின்மேல் ஜெனிபாவின் அப்பா படுத்துக்கொண்டார். பழகிய கைகளை நம்ப முடியாது.

வெயில் ஏறியது, தண்ணீர் வற்றியது, காலனி வரப்பில் நின்று பார்த்தது. கடைசிப் பாத்தியின் அடியில் முதலில் இறங்கியது பாதை. விரல் அளவு இல்லை, சாண் அளவும் இல்லை. ஒரு வண்டி போகும் அகலத்துக்கு இறங்கியது, பாத்திக்குள் அடங்காமல் வரப்பைத் தாண்டியது, ஓடைத் தண்ணீருக்குள் போய் அதற்குள்ளேயே கெட்டிப்பட்டு எழுந்து, அந்தக் கரையில் தார்ச்சாலையைத் தொட்டு நின்றது. தண்ணீர் லாரி கேட்டவர் அதைப் பார்த்து, லாரி எதன்மேல் வரும் என்றார். ஆம்புலன்ஸ் கேட்டவளும் அதையே சொன்னாள். ஒவ்வொருவர் வாய் ஒவ்வொன்றைக் கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான். அவர்கள் கேட்ட மற்றவை அதன் இரு ஓரங்களிலும் சின்னச் சின்னதாக இறங்கியிருந்தன, அந்த இல்லாத மாடு உட்பட.

முதலில் பூவம்மா நடந்தாள். உப்பு அவள் எடையைத் தாங்கியது. பிறகு எல்லோரும் நடந்தார்கள். மறுநாள் ஒரு மீன்காரர் சைக்கிளோடு வந்து, இந்த வழி எப்போது வந்தது என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சங்கரா மீன் விற்கத் தொடங்கினார்.

முதலாளி, உப்பு தன் பாத்தியில் விளைந்தது, ஆகவே பாதை தன்னுடையது என்று வழக்குப் போட்டார். அப்படியானால் எடுத்துக்கொள்ளுங்கள், வாரி அம்பாரமாகக் குவிக்க நாங்கள் வரமாட்டோம் என்றது காலனி. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். வந்தவர்களும் உப்பளத்துக்காரர்கள்தான், பாதையை ஒரு முறை பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், அதன்மேலேயே நடந்து திரும்பிப் போனார்கள். காவலாளி மட்டும் மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினார், காலை எட்டு மணிக்குத் திறந்தார். யாரும் அதன் பக்கம் போகவில்லை. அவருடைய மனைவிகூட அவருக்குச் சாப்பாட்டை உப்புப் பாதை வழியாகத்தான் கொண்டுவந்தாள்.

ஆனால் அளத்தில் பிறந்தவர்கள் ஏமாறமாட்டார்கள். ஐப்பசி வரும், மழை வரும், உப்பு கரையும். இந்தப் பாதை ஐப்பசிவரைதான். அதற்குள் கல் போட வேண்டும், கல்லைப் போடுவது அரசாங்கம், அரசாங்கத்தை வைப்பது ஓட்டு. அற்புதம் நடந்துவிட்டது என்று வீட்டில் படுத்துவிடும் கூட்டமாக இருந்திருந்தால் அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது.

இப்போது கட்சிகள் கூப்பிடாமலே வந்தன. பாதையைப் பார்த்தன, கூட்டம் போட்டன, பாத்தியைப் பார்த்துப் பேசின. இந்த முறை யாரும் கிளறவில்லை. மேளக் கட்சியின் பாத்தியில் பாதை நான்காவதாக இறங்கியது. விசிறிக் கட்சிக்கு மூன்றாவது; மீசைதான் முதல் என்பது அன்றைக்கு நிரூபணம் ஆனது. கிணற்றுக் கட்சிக்கு முதலில் பழையபடி தண்ணீர்த் தொட்டி, இரண்டாவதாகப் பாதை.

"ஒருத்தனுக்கும் முதல்ல இல்லையே," என்றாள் ஜெனிபா.

"போன மாசம் இது கசப்புத் தண்ணியில கெடந்துது," என்றாள் சந்தனமாரி. "இப்பம் இறங்குது பாத்தியா. நாலாவதா இறங்குனத மூணாவதாக்கலாம், மூணாவத ரெண்டாவதாக்கலாம். நாம ஓட்டுப் போட்டுட்டுப் பேச்ச நிறுத்திட்டாத்தான் திரும்பக் கசப்புக்குப் போயிரும்."

பிள்ளைகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. பிரைட்டன் தொட்டியை முதலில் வைப்பவன் மோசமானவன் இல்லை, தண்ணீர் கேட்காத ஆள் இங்கே யார் என்றான். ஜெனிபாவுக்குத் துறைமுகச் சுவரில் தன் தம்பியின் வேலை தெரிந்தது. இன்னொருவன் பாதை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு தடிமன் என்று பாருங்கள் என்று குச்சியால் அளந்து காட்டினான். வாதாடினார்கள், கோபித்துக்கொண்டார்கள், மறுநாள் அதே வரப்பில் வந்து உட்கார்ந்தார்கள். வைக்கோல் கட்டு அவிழ்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

பூவம்மா மட்டும் மகளிடம் தனியாக, யாருக்குப் போடப்போகிறாய் என்று கேட்டாள். அது தனக்கும் ஓட்டு மிஷினுக்கும் நடுவில் என்றாள் சந்தனமாரி. அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு யோசித்துப் பார்த்து, அப்படியானால் நானும் சொல்லமாட்டேன் என்றாள்.

ஓட்டு நாளில் மட்டும் கேட்டை விடியலிலேயே திறந்துவிட்டார்கள், லாரி வந்து உள்ளே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். காலனி வெளுத்த சேலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக லாரியைக் கடந்து உப்புப் பாதையில் இறங்கி நடந்தது. வெயில் வருவதற்கு முந்திய வெளிச்சத்தில் பாதை பளபளக்கவில்லை, சாதாரணமாகக் கிடந்தது. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரும் ஓட்டுள்ளவர்தானே, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

வாக்குச்சாவடி டவுன் ஓரத்துப் பள்ளிக்கூடத்தில். சந்தனமாரியின் முறை வந்தபோது அறைக்குள் நுழைந்தாள். ஒரு பக்க பெஞ்சில் கட்சி முகவர்கள் ஆளுக்கொரு பட்டியலோடு இருந்தார்கள். வருகிறவர் பெயரை அதிகாரி உரக்கப் படிக்க வேண்டும், முகவர்கள் கேட்க வேண்டும், ஆள் வேறு என்று சந்தேகம் இருந்தால் அங்கேயே ஆட்சேபிக்க வேண்டும் என்பது முறை. மேளக் கட்சிக்கு முகவராக உட்கார்ந்திருந்தவர் உச்சிமாகாளி. முந்தைய தேர்தலில் லாரியில் ஏறாமல் வந்த ஒரு குடும்பத்தை, இவர்கள் இங்கே குடியிருப்பவர்கள் இல்லை என்று ஆட்சேபித்து வெயிலில் நிறுத்தியவர் அவர். அந்தக் குடும்பம் அன்று ஓட்டுப் போடாமலே திரும்பியது. சந்தனமாரிக்கு அது தெரியும். பூவம்மா அவளுக்குப் பின்னால் வாசலில் நின்றாள்.

அதிகாரி சீட்டை வாங்கினார், பட்டியலில் விரலை ஓட்டினார், எண்ணையும் பெயரையும் படித்தார். பெஞ்சில் பேனாக்கள் அசைந்தன. உச்சிமாகாளியின் பேனா அசையவில்லை. அவர் பட்டியலைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். ஓடைக்கரை காலனி என்று அதிகாரி முகவரியைச் சொன்னபோது அவர் கையை உயர்த்தினார்.

அதிகாரி, ஆட்சேபணையா என்று கேட்டார்.

உச்சிமாகாளி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மற்ற இரண்டு முகவர்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் லாரி டிரைவர் நின்றார், அவருக்குப் பின்னால் காலனி முழுவதும் நின்றது, அதில் உச்சிமாகாளியின் சொந்தத் தங்கையும் நின்றாள்.

"ஆட்சேபணை இல்ல சார்," என்றார். உயர்த்திய கையை இறக்கினார். "பேரு சரியா விழல. பின்னால நிக்கவங்களுக்கும் கேக்கணும். இன்னொரு தடவ படிங்க."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டியலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முகவர்களுக்கும், வாசலுக்கும், வாசலுக்கு வெளியே மரத்தடிவரை நீண்டு நின்ற வரிசைக்கும் கேட்கும்படி படித்தார்:

"சந்தனமாரி. தாயார் பூவம்மா."